சூட்டில் சுருங்கும் தாளும் வாழ்த்து அட்டையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சூடு பட்டால் சிறுத்துத் தடித்துப்போகும் தாளில் படம் வரைந்து, அதை வாழ்த்து அட்டையில் பதக்கமாகப் பதிக்கும் முறையைச் சென்ற இதழின் கைவினைப் பக்கத்தில் சுருக்கமாகச் சொல்லியிருந்தோம். அதைச் செய்து பார்த்தவர்களும் செய்ய நினைப்பவர்களும் எழுதிய கடிதங்களில் பல, ஒரே ஐயத்தை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. அவற்றைத் தொகுத்து இங்கே விடை தருகிறோம்.

தாள் என்று எழுதியிருந்தீர்கள். கடையில் வாங்கிப் பார்த்தால் பிளாஸ்டிக்காக இருக்கிறது. இது உண்மையில் என்ன பொருள்? ஏன் சுருங்குகிறது?
– வாசகி, மதுரை

உங்கள் கை சொன்னதே சரி. கடைகளில் ஷ்ரிங்க் ஷீட், ஷ்ரிங்க் பேப்பர் என்று இரண்டு பெயர்களிலும் விற்கும் இந்தத் தாளில் மரக்கூழ் துளியும் கிடையாது. இது பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக். தயாரிக்கும்போது அதைச் சூடாக்கி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து, இழுத்த நிலையிலேயே சட்டென்று குளிரவைத்துவிடுகிறார்கள். அதனால் அதிலுள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள், தமக்கு இயல்பான சுருண்ட நிலைக்குத் திரும்ப வழியில்லாமல், நீட்டிய வாக்கிலேயே உறைந்துபோகின்றன. பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். அந்தச் சூட்டைத் தாண்டியதும் உறைந்து கிடந்த சங்கிலிகள் விடுபட்டு, பழையபடி சுருண்டுகொள்கின்றன. நாம் காண்பது அந்தத் திரும்புதலைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, பொருள் எதுவும் ஆவியாகிப் போவதில்லை என்பது. நீளமும் அகலமும் பத்தில் நான்கு பங்காகக் குறைந்தால் பரப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். அந்தக் கணக்குக்கு ஈடாகத் தடிமன் ஆறு மடங்காகும். கால் மில்லிமீட்டர் தாள் ஒன்றரை மில்லிமீட்டர் வில்லையாகிறது. எடை மட்டும் அப்படியே இருக்கும். கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் இந்த ஒரு கணக்கே அடிப்படை.

இதைக் கைவினைப் பொருளாக முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், புரூக்ஃபீல்டு என்ற ஊரைச் சேர்ந்த பெட்டி மாரிஸ், கேட் புளூம்பெர்க் என்னும் இரு பெண்கள். சாரணச் சிறுவர்களுக்கான ஒரு வேலையாகத் தொடங்கியதை, 1973-இல் ‘ஷ்ரிங்கி டிங்க்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

எவ்வளவு பெரிதாக வரைந்தால் எவ்வளவு சிறிதாக வரும்? பொங்கல் வாழ்த்து அட்டைக்கு ஒரு புள்ளிக் கோலம் செய்ய ஆசை.
– வாசகி, கும்பகோணம்

புள்ளிக் கோலம் இந்தத் தாளுக்கென்றே அமைந்த படம். ஏன் என்று சொல்கிறேன். ஐந்து சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஒரு சிக்குக் கோலத்தை நேரடியாக வரைய முயன்றால், இழைகள் ஒன்றோடொன்று மோதிப் பாதியிலேயே குழம்பிவிடும். இந்தத் தாளில் அதையே பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்தில், கை தாராளமாக ஓடும்படி வரையலாம். சூடாக்கிய பின் அது ஐந்து சென்டிமீட்டரை ஒட்டி வந்து நிற்கும். ஒரு மில்லிமீட்டர் கோடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இழையாக மெலியும். வரையும்போது கை நடுங்கிய இடங்கள்கூட அந்தச் சிறுமையில் மறைந்துபோகும். பெரிதாக வரைந்து சிறிதாக்கும் இந்த வசதிக்காக மட்டுமே அட்டை வேலையில் இந்தத் தாளைக் கையாளலாம் என்பது என் கருத்து. வட்டம், இதயம், நட்சத்திரம் போன்ற எளிய வடிவங்கள்தாம் வேண்டுமென்றால், நல்ல கெட்டி அட்டையில் வெட்டி ஒட்டுவதே போதும்.

அளவு விஷயத்தில் தாளின் உறையில் அச்சிட்டிருக்கும் விகிதத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கம்பெனித் தாள் பாதியளவுக்கு வந்து நிற்கும்; இன்னொன்று மூன்றில் ஒரு பங்குக்கே போய்விடும். போதாக்குறைக்கு, இழுத்த விசை இரு திசையிலும் ஒன்றுபோல் இருக்காது என்பதால், வட்டமாக வெட்டியது சற்றே முட்டை வடிவம் கொள்வதும் உண்டு. புதிய பொட்டலம் வாங்கியதும் அதிலிருந்து நீளவாக்கில் ஒரு பட்டை, அகலவாக்கில் ஒரு பட்டை வெட்டி, இரண்டிலும் பத்து சென்டிமீட்டர் கோடு இழுத்துச் சூடாக்கி, மிஞ்சிய நீளத்தை அளந்து பொட்டலத்தின் மேலேயே குறித்துவைத்துவிடுங்கள். ஒரு திசை அதிகம் சுருங்கினால், கோலத்தை அந்தத் திசையில் அதற்கேற்பக் கொஞ்சம் நீட்டி வரைந்தால் வட்டம் வட்டமாகவே வரும்.

நூல் கோக்கத் துளை வேண்டுமென்றால், சூடாக்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு போட்டால் வில்லை விரிசல் விட்டுவிடும். காகிதத்துக்குப் பயன்படும் பஞ்சிங் மெஷினின் ஆறு மில்லிமீட்டர் துளை, சுருங்கியபின் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் நிற்கும். பட்டு நூலுக்கும் மெல்லிய ரிப்பனுக்கும் அது தாராளம். ஓரங்களை வெட்டும்போது உட்பக்கமாகக் கூர்ந்து வரும் மூலைகளைத் தவிர்த்து, வளைவாகவே வெட்டுங்கள். கத்தரி சற்று ஆழமாக இறங்கிய கூர்மூலையில்தான் சுருங்கும்போது கிழிசல் தொடங்கும்.

இளஞ்சிவப்பில் தாமரை வரைந்தேன். சூடாக்கியதும் மாட்டு ரத்தம் மாதிரி ஆகிவிட்டது. என்ன செய்வது?
– வாசகி, யாழ்ப்பாணம்

பரப்பு ஆறில் ஒன்றாகும்போது, அதன் மேல் பூசிய நிறமும் அந்தச் சிறிய இடத்தில் ஒடுங்குகிறது. எனவே, வேண்டிய நிறத்தை விட மிக வெளிறிய நிறத்தையே பூச வேண்டும். தாமரைக்கு இளஞ்சிவப்பு வேண்டுமானால், இதழின் நுனியில் மட்டும் வண்ணப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து லேசாகத் தடவிவிட்டு, இதழின் உட்பகுதியை வெறுமையாக விடுங்கள். பூசி முடித்ததும் ‘நிறமே இல்லையே’ என்று தோன்றினால் அதுதான் சரியான பதம்.

வண்ணப் பென்சில் வழவழப்பான தாளில் பிடிக்காது. உரசப்பட்ட தாளாகவே வாங்கலாம். அல்லது 400-ஆம் எண் உப்புத்தாளால் முதலில் மேலும் கீழுமாகவும் பிறகு இடவலமாகவும் மென்மையாகத் தேய்த்து, தூசியை ஈரமில்லாத துணியால் துடைத்துவிட்டு வரையலாம். ஒரே திசையில் தேய்த்தால் அந்தக் கீறல்கள் சுருங்கியபின் வரிவரியாகத் தெரியும். பெர்மனென்ட் மார்க்கர் வழவழப்பான பக்கத்திலும் நன்றாக ஏறும். பிள்ளைகள் வைத்திருக்கும் ஸ்கெட்ச் பேனாவின் மை நீரால் ஆனது என்பதால் திட்டுத்திட்டாகத் திரண்டு நிற்கும். மெழுகுக் கிரேயான் கூடவே கூடாது. சூட்டில் உருகி ஓடிவிடும்.

ஒளி ஊடுருவும் தாளாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பின்பக்கத்தில் வண்ணம் தீட்டி, வழவழப்பான பக்கத்தை மேலாக வைத்து அட்டையில் பதித்தால், வண்ணம் கண்ணாடிக்கு அடியில் இருப்பதுபோல் பளபளக்கும். கை பட்டும் அழியாது. எழுத்து இருந்தால் மட்டும் இடவலம் மாற்றி எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் கேக் சுடும் மின் அடுப்பான அவன் (oven) இல்லை. தோசைக்கல், ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி இவற்றில் எதையாவது பயன்படுத்தலாமா?
– வாசகர், திருநெல்வேலி

ஹேர் டிரையரின் காற்று பொதுவாகத் தேவையான சூட்டை எட்டாது. தாள் கொஞ்சம் நெளியும், அத்தோடு நின்றுவிடும். தோசைக்கல்லில் சூடு கட்டுக்குள் நிற்காது. கீழ்ப்பக்கம் உருகி ஒட்டும்போது மேல்பக்கம் இன்னும் இளகியே இருக்காது. அது உணவு சுடும் கல் என்பதும் இன்னொரு காரணம். இஸ்திரிப் பெட்டியை மேலே அழுத்தினால் தாள் தாராளமாக நகர்ந்து சுருங்க இடமில்லாமல், மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொள்ளும். மைக்ரோவேவ் பயன்படாது. பாலிஸ்டைரீன் அந்த அலைகளை ஏறக்குறைய உள்வாங்குவதே இல்லை. கன்வெக்‌ஷன் முறை (சூடான காற்றால் சுடுவது) உள்ள பெட்டியானால், அந்த முறையில் மட்டும் செய்யலாம்.

ஆகவே மிஞ்சுவது இரண்டு. ஒன்று, ஓவன்-டோஸ்டர்-கிரில் எனப்படும் சிறிய ஓ.டி.ஜி. அடுப்பு. உறையில் வேறு அளவு சொல்லியிருந்தாலொழிய 160 டிகிரிக்கு முன்கூட்டியே சூடேற்றி, தட்டில் பேக்கிங் பேப்பர் விரித்து, படம் வரைந்த பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். மெழுகு பூசிய தாளைச் சிலர் பட்டர் பேப்பர் என்ற பெயரில் விற்கிறார்கள். அது இதற்கு ஆகாது. கதவின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருங்கள். முதல் அரை நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு ஓரம் ஒன்று மெல்ல எழும். எதிர் ஓரமும் எழுந்து, எண்ணெயில் போட்ட அப்பளம்போல் தாள் முழுவதும் நெளிந்து முறுக்கிக்கொள்ளும். வேலை கெட்டுவிட்டது என்று பதறி அடுப்பைத் திறப்பவர்கள் இந்தக் கட்டத்தில்தான் திறக்கிறார்கள். திறக்காதீர்கள். தாள் தானாகவே மீண்டும் அவிழ்ந்து, தட்டையாகப் படியும். படிந்தபின் இன்னும் அரை நிமிடம் பொறுத்து வெளியே எடுத்து, மேலே ஒரு பேக்கிங் பேப்பரை வைத்து, அடிப்பாகம் சமமான மரப்பலகையால் பத்து விநாடி அழுத்துங்கள். மொத்தமே இரண்டு மூன்று நிமிட வேலை.

இரண்டாவது, கைவினைக் கடைகளில் கிடைக்கும் ஹீட் கன். இதில் காற்று ஒரு பக்கமாகவே படும் என்பதால், மூங்கில் குச்சியால் தாளின் நடுவைப் பிடித்துக்கொண்டு, காற்றை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிறிய துண்டுகளுக்குச் சரி. பன்னிரண்டு சென்டிமீட்டர் கோலத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த முறையானாலும் சன்னலைத் திறந்துவையுங்கள். அளவுக்கு மீறிச் சூடானால் பாலிஸ்டைரீன் ஸ்டைரீன் வாடையை விடும். அந்தக் காரமான வாடை வந்தாலே சூடு கூடிவிட்டது என்று பொருள். வரைவதும் வெட்டுவதும் பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும். அடுப்பின் பக்கம் பெரியவர்களே போங்கள்.

சுருளும்போது இரண்டு ஓரங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. திரும்பப் பிரிக்க முடியுமா?
– வாசகி, சேலம்

சூடு ஆறுவதற்குள், கையுறை அணிந்துகொண்டு இரண்டு குச்சிகளால் மெல்லப் பிரித்து, மீண்டும் அவனில் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆறிய பின் முயன்றால் ஒடிந்துவிடும். நீளமான பட்டைகளும் மெல்லிய கிளைகளும்தான் அடிக்கடி ஒட்டும். அவற்றை வைப்பதற்கு முன் தாளின் இரு பக்கமும் முகப்பவுடரை லேசாகத் தடவி ஊதிவிட்டால் ஒட்டுவது பெரிதும் குறையும்.

இனிப்புப் பெட்டியின் தெளிவான மூடியிலும் இதைச் செய்யலாம் என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

மூடியின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருந்தால் அது பாலிஸ்டைரீன், செய்யலாம். 1 என்றிருந்தால் பெட் (PET) பிளாஸ்டிக், 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். அவை இப்படிச் சீராகச் சுருங்கா. எண்ணே இல்லாத மூடியைத் தொடவேண்டாம், ஏனெனில் அது பி.வி.சி.யாக இருந்தால் அளவுமீறிச் சூடாகும்போது அரிக்கும் அமிலப் புகையை வெளிவிடும். 6 என்ற எண்ணுள்ள மூடியிலும் நடுவிலிருக்கும் சமதளப் பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். அச்சில் வளைத்த ஓரங்கள் ஏற்கெனவே தாறுமாறாக இழுபட்டிருக்கும் என்பதால் கோணலாகவே சுருங்கும். தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்தான், ஆனால் அது நுரைப்பதால் ஊதியது; சூட்டில் காற்று போய்க் கட்டியாகிவிடும்.

சுருங்கிய வில்லையை அட்டையில் எதைக் கொண்டு ஒட்டுவது? அஞ்சலில் அனுப்பினால் உடையுமா, எடை கூடுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசை, நீரை உறிஞ்சும் பரப்புகளுக்கானது. வழவழப்பான வில்லையின் அடியில் அது காய்ந்து தோலாக உரிந்துவிடும். கரைப்பான் கலந்த ரப்பர்ப் பசைகளோ பாலிஸ்டைரீனையே அரித்து, அடியில் தீட்டிய வண்ணத்தைக் கலைத்துவிடும். நகப்பூச்சும் அதன் நீக்கியும் இதே வேலையைச் செய்யும். மினுக்கத்துக்காக மேலே நகப்பூச்சு தடவுபவர்கள் கவனிக்க வேண்டும். மினுக்கம் வேண்டுமென்றால் நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் பூசுங்கள். ஒட்டுவதற்கு இருபக்க ஃபோம் டேப் எல்லாவற்றையும் விட நல்லது. வில்லை அட்டையிலிருந்து சற்று எழும்பி நின்று நிழல் விழுவதும் அழகாக இருக்கும். அஞ்சலில் போகும் அட்டைக்கு மட்டும் ஃபோம் இல்லாத மெல்லிய இருபக்க டேப் போதும்.

எடைக்கு வருவோம். இந்தியாவில் சாதாரணக் கடிதத்தின் முதல் எடைப் படி (அடிப்படைக் கட்டணத்துக்கான வரம்பு) 20 கிராம். ஏ5 அளவுத் தாளை இரண்டாக மடித்த அட்டை, 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 250 கிராம்) தாளில் 8 கிராம் இருக்கும். அதற்கேற்ற உறை 4 கிராம். பன்னிரண்டு சென்டிமீட்டர் வட்டக் கோலம், சுருங்கினாலும் சுருங்காவிட்டாலும், ஏறத்தாழ 3 கிராம். டேப்பும் சேர்த்துப் பதினைந்து பதினாறு கிராமில் முடிந்துவிடும். அத்தகைய வில்லைகள் மூன்று வைத்தால் அடுத்த படிக்குத் தாவிவிடுவீர்கள். ஏ4 தாளை மடித்துப் பெரிய அட்டை செய்தாலோ, அட்டையும் உறையும் மட்டுமே இருபதைத் தாண்டிவிடும்.

உடைவது வில்லை அல்ல. ஒன்றரை மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் லேசில் உடையாது. முத்திரை குத்தும்போது வில்லையின் விளிம்பு உறையைக் கிழிப்பதே வழக்கமாக நடக்கும் சேதம். விளிம்பை உப்புத்தாளால் மழுக்கிவிட்டு, வில்லையை அட்டையின் உட்பக்கத்தில், அஞ்சல்தலைக்கு நேர் கீழே வராத இடமாகப் பார்த்துப் பதியுங்கள்.

காகிதம் போலவே மெல்லிதாக, கிழிக்க முடியாமல், இஸ்திரி போட்டால் கொப்புளம் கொப்புளமாகச் சுருங்கும் தாள் ஒன்றை வெளிநாட்டுத் தோழி அனுப்பியிருக்கிறாள். இதுவும் அதே வகையா?
– வாசகி, சிங்கப்பூர்

அது முற்றிலும் வேறு. உங்கள் விவரிப்பைப் பார்த்தால் அது டைவெக் ஆகத்தான் இருக்க வேண்டும். 1955-இல் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், ஒரு குழாயிலிருந்து வெண்பஞ்சு போன்ற பாலிஎத்திலீன் இழைகள் வெளிவருவதை ஜிம் ஒயிட் என்ற ஆய்வாளர் கவனித்ததிலிருந்து தொடங்கிய பொருள் இது. 1967-இல் வணிக முறையில் உற்பத்திக்கு வந்தது. கூரியர் உறைகள், கொரோனா காலத்தில் நாம் பார்த்த வெள்ளைக் காப்புடைகள், விழாக்களில் மணிக்கட்டில் கட்டும் பட்டைகள் ஆகியவற்றில் இதைக் காணலாம். ஒளியில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற இழைகள் கண்டபடி பின்னிக் கிடப்பது தெரியும்.

எடை குறைவு என்பதே இதன் சிறப்பு. கைவினையில் பயன்படும் வகை சதுர மீட்டருக்கு 55 கிராம் அளவில் இருக்கும். நாம் நகலெடுக்கும் காகிதமே 70 கிராமுக்கு மேல். ஆகவே அஞ்சல் எடையை அஞ்சாமல் அட்டையின் முகப்பு முழுவதையும் இதனால் மூடலாம். இருபுறமும் அக்ரிலிக் வண்ணம் பூசி நன்றாகக் காயவிட்டு, இரண்டு பேக்கிங் பேப்பர்களுக்கு நடுவே வைத்து, இஸ்திரிப் பெட்டியை ‘சில்க்’ நிலையில் வைத்து, அழுத்தாமல் மேலே மிதக்கவிடுங்கள். 135 டிகிரியை ஒட்டி இது உருகத் தொடங்கும் என்பதால், சில விநாடிகளுக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். கூடுதலாகப் போனால் ஓட்டை விழும். சூட்டில் இது தடித்து வில்லையாவதில்லை. மேடும் பள்ளமுமாகப் பொரிந்து நிற்கும். திருப்பிப் போட்டு மறுபக்கம் சூடு காட்டினால் மேடுகள் இடம் மாறும். மரப்பட்டை, பவளப்பாறை, மழைக்குப் பிந்தைய செம்மண் தரை போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பரப்பு கிடைக்காது. நுண்ணிய கோட்டுச் சித்திரத்துக்கு மட்டும் இதை நம்பாதீர்கள்; கோடுகள் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கணினியில் வடிவமைத்து அச்சிடலாமா?
– வாசகர், சென்னை

இங்க்ஜெட் அச்சுக்கென்றே மேற்பூச்சுள்ள சுருங்கு தாள் கிடைக்கிறது. அதில் மட்டும் அச்சிடலாம். நிறத்தின் அடர்த்தியைக் கணினியிலேயே பாதிக்கும் கீழே குறைத்துவிடுங்கள். அச்சிட்டதும் மை நன்றாகக் காயட்டும்.

லேசர் பிரிண்டர் வேண்டாம். அதன் உள்ளே மைத்தூளை உருக்கும் சூடான உருளை, தாளை அங்கேயே சுருக்கி ஒட்டவைத்துவிட்டால், பழுதுபார்க்கும் செலவில் நூறு பொட்டலம் வாங்கலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகத்தில் மிஷேல் கைன் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் இந்தத் தாளை லேசர் பிரிண்டரில்தான் செலுத்தினார்கள் என்று படித்தவர்கள் வாதிடலாம், உண்மைதான். சுருங்கும்போது மைக்கோடுகள் மேடாக எழும்புவதைப் பயன்படுத்தி, மெல்லிய குழாய்களில் துளித்துளியாகத் திரவத்தை ஓடவிடும் நுண்குழாய்ச் சில்லுகளுக்கான அச்சு வார்ப்பைச் சில நிமிடங்களில் செய்யும் வழியை 2008-இல் அவர்கள் வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு பிரிண்டர் பழுதானால் நம் வீட்டுப் பட்ஜெட் இடிக்காது.

என் மகளின் திருமண அழைப்பிதழ் முந்நூறிலும் இதில் செய்த சின்னப் பதக்கம் வைக்கலாம் என்று எண்ணுகிறோம். உங்கள் கருத்து?
– வாசகி, தஞ்சாவூர்

முந்நூறிலும் வேண்டாம் என்றே சொல்வேன். அழைப்பிதழைப் பெரும்பாலோர் முகூர்த்தம் முடிந்ததும் எறிந்துவிடுகிறார்கள். காகிதத்தோடு ஒட்டிய பாலிஸ்டைரீன் துண்டைப் பழைய பேப்பர்க்காரர்கூடப் பிரித்தெடுக்க மாட்டார். அழைப்பிதழ்களின் மேல் பிளாஸ்டிக் படலம் சுற்றுவதே 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கும்போது, அதே கழிவை வேறு வடிவில் உள்ளே வைப்பானேன்?

தாய்மாமன், அத்தை, மகளின் ஆசிரியர்கள் என்று நேரில் சென்று வெற்றிலை பாக்குடன் வைத்து அழைக்கும் இருபது முப்பது வீடுகளுக்கு மட்டும் செய்யுங்கள். பதக்கத்தை ஒட்டாமல், துளையில் பட்டு நூல் கோத்து அழைப்பிதழின் மடிப்பில் கட்டிவிட்டால், பிறகு அவர்கள் அதை அவிழ்த்துச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். எல்லாம் ஒரே அளவில் வர வேண்டுமென்றால் ஒரே பொட்டலத்துத் தாளாக, ஒரே திசையில் வைத்து வெட்டுங்கள். அவனில் ஒரு தடவைக்கு நான்கு துண்டுக்கு மேல் வைக்காதீர்கள், ஏனெனில் நான்கும் ஒரே நேரத்தில் படியும். எடுத்து அழுத்த உங்களுக்கு இருப்பது இரண்டு கைகள்தாம்.